கடலுக்கு இன்னொரு கடல் இல்லை

தோட்டப்புறத்தில் வளர்ந்தவனுக்குக் கடல்மீனைப் பற்றி என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். ஈப்போவுக்கு அருகில் பழைய ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்து, ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப் பள்ளியிலும் படித்தவன் நான். அந்த அக்கறையை எனக்குக் கொடுத்ததே பால்மரம்தான்.

1877-இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றுள் ஒன்பது நம் கோலகங்சாரில் நடப்பட்டன. மலாயாவின் ரப்பர் மரங்களுள் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகளே. பிறகு அதிகம் பால் தரும் மரங்களை மட்டும் பொறுக்கி ஒட்டுக் கட்டினார்கள். மகசூல் பெருகியது, மரபணு வளமோ குறுகியது. அதைச் சரிசெய்ய 1981-இல் அனைத்துலக ஆய்வுக்குழு ஒன்று அமேசான் காட்டுக்கே சென்று புதிய விதைகளைத் திரட்டியது. காட்டில் தாய்மரங்கள் மிச்சமிருந்ததால் அது முடிந்தது.

இன்று அதே கதை கடலில் நடக்கிறது. பங்கோர், கோல செபெத்தாங் பகுதிகளில் மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்க்கிறார்கள். சியாக்காப் என்று நாம் சொல்லும் கொடுவா மீன் ஒன்றே இலட்சக்கணக்கில் முட்டையிடும். ஆகவே குஞ்சு பொரிப்பகத்துக்குச் சில தாய்மீன்களே போதும். கூண்டிலுள்ள மீன்களில் பல உடன்பிறப்புகளாகிவிடும். கெராப்பு எனப்படும் களவாயில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டோம். புலிக் களவாயையும் ராட்சதக் களவாயையும் சேர்த்து மலேசிய சபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களில் உருவாக்கிய கலப்பின மீன் இன்று ஆசிய நாடுகள் பலவற்றில் வளர்கிறது.

வலை கிழிந்து இவை தப்பினால் என்ன ஆகும்? வேகமாகக் கொழுக்கவே தேர்ந்தெடுக்கப்பட்ட மீனுக்குப் பகைமீனிடமிருந்து தப்பிக்கும் திறன் குறைவு. அது காட்டுமீனோடு கூடினால் அந்தப் பலவீனம் அடுத்த தலைமுறைக்கும் இறங்கும். 2013-இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் சுமார் 20,000 வளர்ப்புச் சால்மன் மீன்கள் தப்பின. பின்னர் ஆராய்ந்த 18 ஆறுகளில் 17-இல் கலப்பினக் குஞ்சுகள் காணப்பட்டன. வளர்ப்பு மீனின் குஞ்சுகள், காட்டுமீன் குஞ்சுகளோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு இரண்டு என்ற அளவிலேயே வாழ்க்கையில் தேறுகின்றன என்று அயர்லாந்தில் நடந்த ஆய்வு 2003-இல் காட்டியது.

சால்மன் ஆற்றுக்குத் திரும்பும் மீன், நம் மீன்கள் வேறு என்று வாதிடலாம். உண்மைதான், பரந்த கடலில் கலப்பு மெதுவாகவே தெரியும். ஆனால் மெதுவாகத் தெரியும் கேட்டைத்தான் நாம் தாமதமாகக் கண்டுகொள்வோம்.

கூண்டுகளை மூடச் சொல்லவில்லை. அவை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. நான் கேட்பவை நான்கே. பொரிப்பகங்கள் உள்ளூர்க் கடலின் தாய்மீன்களை அதிக எண்ணிக்கையில் பயன்படுத்த வேண்டும். கலப்பினங்களை மலட்டு மீன்களாகவோ கரையிலுள்ள தொட்டிகளிலோ வளர்க்க வேண்டும். மீன் தப்பினால் உடனே தெரிவிப்பது கட்டாயமாக வேண்டும். சுமார் 40,000 ஹெக்டரில் விரிந்துள்ள மாத்தாங் அலையாத்திக் காட்டின் நீரில் வளரும் காட்டுமீன்களின் மரபணுவை இப்போதே பதிந்து வைக்க வேண்டும். இன்றைய நிலை தெரியாமல் நாளைய இழப்பை எப்படி அளப்போம்?

உயிரியலும் மீன்வளமும் பயிலும் தமிழ் மாணவர்களே, இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? இதோ ஒன்று. அத்துறைகளில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் அவர்களுக்கு வழிகாட்டலாம். ரப்பருக்குத் திரும்பிச் செல்ல ஓர் அமேசான் இருந்தது. நம் கடல்மீனுக்கோ இந்தக் கடலே அமேசான்.