தத்தெடுத்த ரவுண்டானா

பெருங்குடியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கையகல ரவுண்டானாவை ஒரு கம்பெனி தத்தெடுத்திருக்கிறது. பெரிய பலகை, அதன் கீழே நாலு அரளி. தத்தெடுத்தது போன மாதம், அரளி கருகியது இந்த வாரம். அரளியையே கருகவிடத் தனித் திறமை வேண்டும். பலகையை மட்டும் தினமும் யாரோ துடைக்கிறார்கள்.

வண்டலூரில் பணம் கட்டினால் மயிலைத் தத்தெடுக்கலாம். எம்.பி.க்கள் 2014இலிருந்து கிராமங்களைத் தத்தெடுக்கிறார்கள். இந்தச் சொல் இவ்வளவு மலிந்துபோச்சே என்று மாநகராட்சிக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். எங்கள் அபார்ட்மென்ட் மூன்றாம் மாடிப் பெண்ணின் ஞாபகம் வந்தது. புகார் பாதியில் நிற்கிறது.

போன் சத்தத்துக்கு நான் ஜென்ம விரோதி. திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறியவர், கந்தசஷ்டி கவசம் அலற அலற பெருங்குடி வரை போனை எடுக்காததை இந்தப் பத்தியில் மூன்று வாரம் இழுத்தேன். சபா, சாவு வீடு, எங்குமே அடங்காத போன்கள்! மூன்றாம் மாடிப் பெண்ணின் போனும் அந்த ஜாதிதான். மயிலாப்பூர் சபாவில் ஆலாபனை நடுவே அது அலறியபோது முதலில் திரும்பி முறைத்தது நான். இடைவேளையில் கேன்டீன் வாசலில் வந்து நின்றாள்.

"சாரி அங்கிள். சைலன்ட்ல போட முடியாது."

குழந்தையைத் தத்தெடுக்க மத்திய அரசின் காரா தளத்தில் பதிவு செய்து நாலாவது வருஷமாம். ரெஃபரல், அதாவது ஒரு குழந்தையின் விவரம், வந்தால் 48 மணி நேரத்துக்குள் குழந்தையை ரிசர்வ் செய்ய வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். கச்சேரி மூணு மணி நேரம்தானே என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை. வரிசையில் நிற்பவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். 2024-25இல் தத்துப்போன குழந்தைகள், வெளிநாடு போனவர்களையும் சேர்த்து, 4,515.

ஹோம் ஸ்டடி அறிக்கை மூன்று வருஷம்தான் செல்லும். அதனால் சமூகப் பணியாளர் மறுபடி வந்து சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று எல்லாம் முதலிலிருந்து பார்த்திருக்கிறார்.

"குழந்தை எங்க தூங்கும்னு ரெண்டு தடவையும் கேட்டாங்க அங்கிள். தூளி கட்ட உத்தரத்துல கொக்கி போட்டிருக்கோம்ல, அதைத்தான் காட்டினேன். பெருங்குடிக் காத்துக்கு அது துரு ஏறிப்போச்சு. அவங்க வர்ற அன்னிக்குக் காலைல இவர் ஸ்டூல் போட்டு ஏறி பெயின்ட் அடிச்சார். அவங்க அண்ணாந்து பார்க்கிறப்ப ஈரம் காயல."

ராமேஸ்வரம் போனீர்களா, ஜாதகம் பார்த்தீர்களா என்று குடைகிற எங்கள் அசோசியேஷன்காரர்களிடம் அவள் இதெல்லாம் சொல்வதில்லை. நம்பிக்கை என்ற வார்த்தையை என்னிடமும் சொன்னதில்லை. கைப்பையில் இரண்டு பவர் பேங்க் வைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை லிஃப்டில் இருவரும் ஏறினோம். கதவு மூடும்போது போன் அடித்தது. காலை நீட்டிக் கதவைத் தடுத்தேன். வெளியே ஓடினாள்.

"லோன் வேணாம்ங்க... பரவால்லீங்க."

திரும்பி ஏறி, சத்தத்தைக் கூட்டும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினாள். ஏற்கெனவே முழுசாகத்தான் இருந்தது.