பந்தைக் கையில் கொடுங்க!

 

2019 ஜனவரியில் நம் தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவங்க வீட்டுப் பிள்ளைக்கும் சின்ன வயசிலேயே இங்கிலீஷ் கிடைப்பது நல்லதுதான். ஆனால் பல இடத்தில் சொல்லிக் கொடுக்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நாலு வயது. "பி ஃபார் பால்" என்று ராகம் போட்டுச் சொல்வான். பால் எங்கேடா என்றால் அடுப்படியைக் காட்டுவான்! அவன் மேல் என்ன தப்பு? அவனுக்குத் தெரிந்த பால் அதுதான். ஒரு பந்தைக் கையில் கொடுத்து, "இந்தப் பந்துக்கு இங்கிலீஷில் பால்" என்று தமிழிலேயே சொன்னால் புரிந்திருக்கும்.

வீட்டில் தமிழ் பேசினால் இங்கிலீஷ் வராது என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொருள் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு பெயர் சேருகிறது, அவ்வளவுதான். பஸ், பக்கெட், டம்ளர், சைக்கிள் எல்லாம் இங்கிலீஷ் என்று தெரியாமலே பேசுகிறார்களே, அதிலிருந்து ஆரம்பிக்கலாமே!

சில பிள்ளைகள் மாசக்கணக்கில் வாயே திறக்காது. அது மக்கு இல்லை, காதில் வாங்கிக்கொண்டு இருக்கிறது. பிரம்பைத் தட்டினால் வருகிற வார்த்தையும் உள்ளே போய்விடும்.

மதியம் சாப்பிட்ட பிறகு நமக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. (பாண்டி ஆடுகிற நேரம்தான்!) வாரம் இரண்டு நாள் அங்கன்வாடிக்குப் போய், படம் காட்டி இங்கிலீஷில் கதை சொல்லலாம். டீச்சர் சரி என்றால் திங்கட்கிழமையே நான் ரெடி. கூட யார் வர்றீங்க?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி