குறை தெரிந்த வீட்டை வாங்கலாமா?

மகாராஜபுரத்து நெசவாள அங்கத்தினர் ஒருவர் பழைய வீடொன்றை விலை பேசியிருக்கிறார். அச்சாரம் கொடுக்குமுன் கொத்தனாரை அழைத்துக் காட்டியது புத்திசாலித்தனம். மேற்குச் சுவரில் சாய்ந்த வெடிப்பு, உத்திரத்தில் கறையான், தறிக்குழியில் ஈரம் என்றாராம் கொத்தனார். "விலை மலிவாயிற்றே, வாங்கலாமா?" என்று நம்மைக் கேட்டார். பலருக்கும் உரிய கேள்வியாதலால் நம் அபிப்பிராயத்தை இங்கே எழுதுகிறோம்.

கறையானுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மர விலையையும் கூலியையும் கிரயத்தில் கழித்துக் கேட்கலாம். வெடிப்பு அப்படிப்பட்டதன்று. நம் ஜில்லாவில் கரிசல் மிகுதி. அம்மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் ஆழமில்லையேல் எத்தனை முறை பூசினாலும் வெடிப்புத் திரும்ப வரும். வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தில் பதித்துச் சில மாதம் விட்டுவைக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். தறிக்குழி ஈரமோ நெசவாளருக்கு எல்லாவற்றிலும் பெரிய குறை. ஐப்பசி, கார்த்திகையில் குழியில் நீர் ஊறினால் தறி நின்றுபோகும். பின் கடன் தவணை எங்கிருந்து வரும்? சித்திரை வெயிலில் வீடு பார்த்துக் கிரயம் முடிப்போரை என்னென்பது!

சட்டம் காக்கும் என்பாருமுளர். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் காண இயலாத முக்கியக் குறையை, விற்பவர் அறிந்திருந்தால் சொல்லியாக வேண்டும் என்கிறது. கண்ணெதிரே தெரியும் வெடிப்புக்கு அது உதவாது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கட்டுமானக் குறைக்கு 5 ஆண்டுப் பொறுப்பை விதிப்பது புதிதாகக் கட்டி விற்போர் மீதே. பாட்டன் காலத்து வீட்டுக்கு அதில் இடமில்லை.

புது வீடாயின் பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அருகில் விழாமல் நின்ற மற்றொரு கட்டடமும் 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பார்வைக்கு அது நிமிர்ந்தே நின்றது.

நிற்க. நம் அங்கத்தினர் கார்த்திகை மழை முடியும்வரை அச்சாரம் கொடுக்கலாகாது என்பதே நம் கருத்து. விற்பவர் காத்திரார் எனில் விட்டுவிடலாம்; மலிவு விலையில் மிச்சமாவதை அஸ்திவார வேலை விழுங்கிவிடும். இதற்கிடையே வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்த்துக்கொள்ளட்டும். விற்பவரின் அனுமதி பெற்று, மேற்குச் சுவரோரம் இரண்டு முழம் தோண்டி அடிமண்ணைக் காட்டும்படி கொத்தனாருக்குச் சொல்லியிருக்கிறோம்.