திரையில் வரும் வேகத்தை வைத்துப் பிள்ளையை எடை போடாதீர்கள்

பிள்ளைகளைப் பவுலிங் பழக அனுப்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கிரிக்கெட் அல்ல; பந்தை உருட்டிப் பத்து பின்களைச் சாய்க்கும் விளையாட்டு.

பல இடங்களில் பந்தின் வேகம் திரையில் வருகிறது. எண் குறைந்தால் "உனக்குப் பலம் பத்தாது" என்கிறோம். பெண் பிள்ளை என்றால் இன்னும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இது சரியல்ல என்பது என் கருத்து.

பந்து அதிகபட்சம் 16 பவுண்டு. ஒரு பின் சுமார் மூன்றரை பவுண்டு. ஒவ்வொரு பின்னில் மோதும்போதும் பந்து கொஞ்சம் விலகும். வலக்கைக்காரரின் கச்சிதமான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கை மட்டுமே. மற்ற ஆறையும் பின்களே சாய்க்கின்றன: 1 போய் 2-ஐத் தள்ளும், 2 போய் 4-ஐ, 4 போய் 7-ஐ. ஆகவே பந்து அதிகம் விலகாமல் 9 வரை போய்ச் சேர வேண்டும். இந்த விளையாட்டில் பலம் என்பது அதுதான்.

அதற்குக் கோணம் வேண்டும். முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே சுமார் 6 டிகிரி சாய்வில் நுழைவது நல்லது என்பார்கள். லேனின் நீளம் முதல் பின் வரை 60 அடி, அகலம் மூன்றரை அடி. ஓரத்திலிருந்து நேராக விட்டாலும் ஒன்றரை டிகிரிக்கு மேல் கிடைக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதியைப் பந்தின் சுழற்சிதான் தர வேண்டும்.

லேனில் முதல் 40 அடி வாக்கில் எண்ணெய் பூசியிருப்பார்கள். அங்கே பந்து வழுக்கும். உலர்ந்த பகுதியில் பிடிப்புக் கிடைத்து வளைந்து உருளும். அளவுக்கு மீறிய வேகத்தில் விட்டால் பிடித்து வளைய நேரமே இராது. சத்தம் பெரிதாகக் கேட்கும்; மூலையில் 10-ஆம் பின் அசையாமல் நிற்கும். மிக மெதுவாக விட்டாலும் பந்து சீக்கிரமே வளைந்து, பின்களை அடையும்போது சோர்ந்திருக்கும்.

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கால்நடையிலிருந்தும், தோளிலிருந்து ஊஞ்சல்போல் ஆடும் கையிலிருந்தும் தானாக வர வேண்டும். பந்தை இறுக்கிப் பிடித்து வீசினால் குறி தவறும். தோளும் மணிக்கட்டும் நோகும். கை தளர்வாக ஆடுவதற்கேற்ற எடையில், விரலுக்கு அளவாகத் துளையிட்ட பந்தை வாங்கிக் கொடுங்கள். அங்கே பொதுவில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்து அவ்வளவாக வளையாது.

2010 ஜனவரியில் அமெரிக்காவின் டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் இறுதிப் போட்டியில் கெல்லி கூலிக் என்ற பெண், முன்னணி வீரரான கிறிஸ் பார்ன்ஸை 265–195 என்று வென்றார். ஆண்களே வென்றுவந்த அந்தத் தொழில்முறைச் சுற்றில் பட்டம் வென்ற முதல் பெண் அவர். ஆண்களுக்கு அங்கே வேகம் குறைவா என்ன?

அடுத்த முறை போகும்போது திரையை விட்டுவிட்டு, பின்களுக்குள் நுழைந்த பந்து எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். ஒதுங்கி ஓடினால் கோணத்தையும் சுழற்சியையும் பயிற்சியாளரிடம் கேளுங்கள். பலமில்லை என்று பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை அவர்கள் பல வருஷம் நம்பிக்கொண்டிருப்பார்கள்.