பொருத்து வீட்டை எதிர்த்தோம், இப்ப என்ன கட்டுறோம்?

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள் தரப்போவதாக அரசாங்கம் சொன்னபோது, எங்கட ஆக்கள் பலர் வேண்டாம் என்றார்கள். இரும்புத் தகட்டு வீடு எங்கட வெக்கைக்கு ஒத்துவராது. ஒரு வீட்டுக்குச் சுமார் 21 இலட்சம் ரூபாய் என்றால் அந்தக் காசுக்குக் கல்வீடே கட்டலாம். ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைக்கும். அத்தனையும் சரியான வாதங்கள்.

இன்றைக்கு அதே வாதங்களை எங்கட சொந்த வீட்டுக்கு முன்னால வைச்சுப் பாருங்கோ. புதுசாக எழும்புகிற பல வீடுகளில் விறாந்தை இல்லை. தாழ்வாரம் இல்லை. மேற்குப் பக்கம் திறக்கவே முடியாத கண்ணாடி. உள்ளே ஜிப்சம் சீலிங், வரிசையாய் லைற், சுவருக்குச் சாம்பல் பெயின்ற். பட்டப்பகலில் லைற் போடவேணும், இரவில் ஏசி இல்லாமல் படுக்கேலாது. போனில் பார்த்த குளிர்நாட்டு வீட்டின் படம் இது. அங்கே கண்ணாடி வைக்கிறது வெயிலை உள்ளே கூப்பிட. நாங்கள் எதுக்குக் கூப்பிடுகிறோம்?

விறாந்தையும் நீண்ட தாழ்வாரமும் இருந்தபடியால்தான் சுவர் கொதிக்காமல் இருந்தது; மாரியில் தூவானம் அடித்தாலும் யன்னலைத் திறந்து வைக்க முடிந்தது. நடுமுற்றம் சூட்டை மேலே விட்டு, வெளிச்சத்தை உள்ளே இறக்கியது. ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டின் நடுவிலும் முற்றம்தான். அதை நவீனம் என்று கொண்டாடுகிறார்கள். நாங்கள் பழசு என்று மூடுகிறோம்.

"அப்ப திரும்பவும் நாற்சார் வீடு கட்டச் சொல்லுறீங்களோ?" இல்லை. ஆர் படலையோட நிற்கவேணும், ஆர் திண்ணை மட்டும் வரலாம் என்பதை அந்த வீட்டில் சாதி தீர்மானித்தது. புகை மண்டிய குசினி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. உடைக்கவேண்டியது அந்த ஒழுங்கைத்தான். நாங்களோ காற்றையும் நிழலையும் உடைத்துப்போட்டு, ஒழுங்கைப் பத்திரமாய் வைத்திருக்கிறோம். முன்னுக்கு, வாறவைக்குக் காட்ட மினுங்குகிற பான்ட்ரி. பின்னுக்குத் தகரக் கொட்டிலில் இன்னொரு குசினி. அம்மா சமைக்கிறது அங்கதான்.

சீலிங்குக்குக் காசு ஒதுக்க முதல், மேற்குச் சுவருக்கு நிழல் வையுங்கோ. உண்மையாய்ச் சமைக்கிற குசினிக்கு எதிரெதிராய் இரண்டு யன்னல் வையுங்கோ. வெளிநாட்டில இருந்து காசோடு டிசைன் படமும் வந்தால், ஒரு கேள்வியை மட்டும் திருப்பி அனுப்புங்கோ: சித்திரை வெயிலில், கறண்ட் இல்லாத மத்தியானத்தில், இந்த வீட்டுக்குள்ள இருக்கப்போறது ஆர்?