தண்ணீரைப் பிளக்கும் தகடு

விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகள் செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. காற்றோட்டமான இடத்தில், ஒரு குவளைத் தண்ணீரில் சிறிது உப்பைக் கரைத்து, இரண்டு இரும்பாணிகளை ஒன்றோடொன்று படாமல் நிறுத்துங்கள். டார்ச் விளக்கு பாட்டரிகள் நான்கை வரிசையாக இணைத்து, அவற்றின் இரு முனைகளையும் கம்பியால் ஆணிகளோடு சேருங்கள். எதிர்முனை ஆணியில் குமிழிகள் பொங்கும். அதுவே ஹைட்ரஜன் வாயு. சற்று நேரத்தில் தண்ணீர் பழுப்பேறும். நேர்முனை ஆணி கரைந்து துருவாகிறது!

இச்சிறு துருவில் ஒரு பெரும் சிக்கல் அடங்கியுள்ளது. ஹைட்ரஜனை எரித்தால் புகையில்லை, கரியில்லை, நீராவியே மிஞ்சும். இன்று நம் உர ஆலைகளுக்கு வேண்டிய ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தே எடுக்கப்படுகிறது. அவ்வாயுவில் ஏறத்தாழப் பாதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். அங்கே விலை ஏறினால் இங்கே உரச் செலவும் ஏறுகிறது.

தண்ணீரிலிருந்தே எடுத்தால் என்ன? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 10 லிட்டர் தூய நீர் போதும். மின்சாரமோ 50 யூனிட் அளவுக்குத் தேவை. ஆக்ஸிஜன் வெளிப்படும் தகடு மந்தமாக வேலை செய்தால் மின்சாரம் வீணாகும். ஒருவகைக் கருவியில் இதற்கு இரிடியம் என்னும் அரிய உலோகத்தைப் பூசுகிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பத்து டன்கூடக் கிடைக்காத பொருள் அது!

இங்கேதான் எளிய இரும்பு மீண்டும் வருகிறது. காரங் கலந்த நீரில், நிக்கல் ஆக்ஸைடு படலத்தோடு சிறிதளவு இரும்பு சேர்ந்தாலே வேலை விரைவாகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் கோரிகன் 1987இல் விளக்கினார். உப்பு நீரில் தனித்து நின்று கரைந்த இரும்பு, தக்க துணையோடு தக்க நீரில் இருந்தால் பயன் தருகிறது. ஆயினும் சோதனைச்சாலையில் சில நாட்கள் தாங்கும் தகடு, ஆலையில் பல ஆண்டுகள் தாங்க வேண்டும். விலை குறைவு மட்டும் போதாது.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதியினர்க்கு இம்முயற்சிகள் அண்டை மாவட்டங்களிலேயே உள்ளன. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் இத்தகைய மலிவான தகடுகள் ஆராயப்படுகின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025இல் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி நிலையம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

ஆகவே, பிள்ளை பழுப்பேறிய குவளையைக் கொண்டுவந்து காட்டும்போது, "தண்ணீரைக் கெடுத்துவிட்டாயே" என்று கடிந்துகொள்ளாதீர்கள். "ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேளுங்கள். ஆய்வாளர்கள் விடை தேடுவதும் அதே கேள்விக்குத்தான்.