கடைசிப் பத்து ஆட்டம்

இங்கிலாந்து மக்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். ஆகஸ்டு மாதம் பந்தயம் தொடங்கும். மே மாதம் முடியும். "பிரீமியர் லீக்" என்ற முதல் வரிசைப் பந்தயத்தில் 20 கோஷ்டிகள் உண்டு. ஒவ்வொரு கோஷ்டியும் 38 ஆட்டம் ஆட வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி. டிரா ஆனால் ஒரு புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை.

மார்ச் மாதம் வந்ததும் ஊரெல்லாம் ஒரே பேச்சு. "கோப்பை யாருக்கு? கீழே இறங்கப் போவது யார்?" ஆளுக்கு ஒரு கணக்குப் போடுவார்கள்.

இந்தக் கணக்கு பல முறை பொய்த்து இருக்கிறது!

தாழி உடைந்தது

1996-ம் ஆண்டு ஜனவரியில் நியூகாசில் கோஷ்டி 12 புள்ளி முன்னால் நின்றது. கோப்பை நமக்கே என்று அந்த ஊர் மக்கள் நம்பினார்கள். மே மாதம் கோப்பையைத் தூக்கியது யார்? மான்செஸ்டர் யுனைடெட்! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

2012-ம் ஆண்டு ஆறு ஆட்டமே பாக்கி. மான்செஸ்டர் சிட்டி 8 புள்ளி பின்தங்கி இருந்தது. ஆறிலும் வென்றது. கடைசி ஆட்டத்தில், 90 நிமிடம் கடந்த பிறகு இரண்டு கோல் போட்டது! யுனைடெட்டுக்கும் சிட்டிக்கும் தலைக்கு 89 புள்ளி. போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்துப் பார்த்தார்கள். சிட்டிக்கு 64. யுனைடெட்டுக்கு 56. கோப்பை சிட்டிக்குப் போயிற்று.

எதைப் பார்க்க வேண்டும்?

பட்டியலில் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை ஆட்டம் பாக்கி? யாரோடு? சொந்த மைதானத்திலா, வெளியூரிலா? இவற்றைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மேலே இருக்கும் கோஷ்டிகள் ஐரோப்பியப் போட்டிகளிலும் ஆடும். வாரத்தில் இரண்டு ஆட்டம் வரும். கால்கள் தளரும். காயம் படும். பதினொரு பேர் நன்றாக ஆடினால் மட்டும் போதாது. வெளியே உட்கார்ந்து இருப்பவர்களும் நன்றாக ஆட வேண்டும்.

பிழைப்புப் போராட்டம்

மேல் இடத்துச் சண்டை கௌரவத்துக்கு. கீழ் இடத்துச் சண்டை பிழைப்புக்கு.

கடைசி மூன்று கோஷ்டிகள் இரண்டாம் வரிசைக்கு இறக்கப்படும். டெலிவிஷன் வருமானம் வெகுவாகக் குறையும். சில ஆண்டுகளுக்கு லீக் உதவித் தொகை கொடுக்கும். ஆனாலும் நல்ல ஆட்டக்காரர்களை விற்க நேரிடும். கிளப்பில் வேலை பார்க்கும் எளிய ஊழியர்களுக்கும் வேலை போகலாம். கோப்பை தவறினால் ஒரு நாள் அழுகை. கீழே இறங்கினால் ஊருக்கே கஷ்டம்.

40 புள்ளி எடுத்தால் தப்பலாம் என்பார்கள். 2003-ம் ஆண்டு வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. 2005-ம் ஆண்டு வெஸ்ட் பிராம்விச் 34 புள்ளியிலேயே தப்பியது! கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடத்தில் கிடந்த கோஷ்டி அது.

லெஸ்டர் தரும் பாடம்

2015-ம் ஆண்டு லெஸ்டர் கோஷ்டிக்கு ஒன்பது ஆட்டம் பாக்கி. இடம், கடைசி. தப்புவதற்கு 7 புள்ளி குறைவு. "இனி அவ்வளவுதான்" என்றார்கள். அந்தக் கோஷ்டி ஒன்பதில் ஏழு ஆட்டம் வென்று தப்பியது. அடுத்த ஆண்டே கோப்பையை வென்றது! உலகமே மூக்கில் விரல் வைத்தது.

அதே லெஸ்டர் 2023-ம் ஆண்டு கீழே இறங்கியது.

ஆகவே, முன்னால் நிற்பவர் இறுமாப்புக் கொள்ளக் கூடாது. பின்னால் நிற்பவர் மனம் உடையக் கூடாது. பாதி வழியில் தீர்ப்புச் சொல்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நடுவர் கடைசி ஊதலை ஊதட்டும். அதுதான் தீர்ப்பு.